தனியா, சும்மா, கப்பல்ல

"யாரைப் பார்க்கப் போற?"

எங்களில் ஒருத்தி காங்கேசன்துறையில் இருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போய் வந்தாள். தனியாக, ஐந்து நாள். போவதற்கு முன்னால் இந்தக் கேள்வியை அவளிடம் கேட்டவர்கள்: அம்மா, மாமா, பக்கத்துக் காம்பிரா அக்கா, கோயில் கமிட்டித் தலைவர், கடைசியில் கண்டி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒரு ஐயா. எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "யாரையும் இல்ல. சும்மா."

அந்த சும்மாவை ஒருத்தரும் நம்பவில்லை. லவ் விஷயம் என்று பாதிப் பேரும், ஏஜென்சி விஷயம் என்று மீதிப் பேரும் முடிவு பண்ணிவிட்டார்கள். அவளுக்காக நாங்களும் பத்துத் தடவை பதில் சொல்லி அலுத்துப்போனோம். சரி, எழுதியே வைப்போம் என்று உட்கார்ந்திருக்கிறோம்.

நாங்கள் நாலு பேர். கம்பஸில் ஒரே அறை. மூன்று பேருக்கு ஹட்டன் பக்கம், ஒருத்திக்கு நுவரெலியா. கலைப்பீடம், ஆகவே 'படிச்சு என்ன செய்யப் போற' என்ற கேள்விக்கு ஏற்கெனவே பழக்கப்பட்டவர்கள்.

உண்மையில் ஆசை இந்தச் சின்னக் கப்பலில் தொடங்கவில்லை. 2023 ஜூன் மாதம் சென்னையில் இருந்து எம்பிரஸ் என்ற சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று சுற்றி வரத் தொடங்கியது. 1990இல் கட்டின பழைய கப்பல்தான். ஆனாலும் போனில் வீடியோ பார்த்தபோது எங்களுக்கு அது மாளிகை. நீச்சல் குளம், நாடக மேடை, நடு ராத்திரியில் சாப்பாடு. கப்பல் என்றால் கிரகரி வாவியில் ஓடுகிற அன்னப்படகுதான் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அன்றைக்கு ராத்திரி பரீட்சைக்குப் படிப்பதை விட்டுவிட்டு, ஒரு ஆள் தனியாகப் போனால் எவ்வளவு என்று கணக்குப் போட்டோம்.

கணக்குப் போட்டவுடனே ஒரு விஷயம் தெரிந்தது. சொகுசுக் கப்பல் விளம்பரத்தில் 'ஒருவருக்கு இவ்வளவு' என்று போட்டிருக்கும். அந்த ஒருவர் தனி ஆள் இல்லை, ஒரு அறையைப் பகிர்ந்துகொள்கிற இரண்டு பேரில் ஒருவர். தனியாகப் போகிறவர் அறைக்கு வராத இரண்டாவது ஆளுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். சில கப்பலில் பாதி, சில கப்பலில் முழுசாக. இல்லாத ஆளுக்குச் சாப்பாடு போட்டுக் காசு வாங்குகிற மாதிரி. அதுக்கு மேல் துறைமுக வரி, டிப்ஸ், வைஃபை என்று தனித்தனியாக ஏறிக்கொண்டே போகும். ஜன்னல் இல்லாத உள் அறை எடுக்கலாம், கடைசி நேரத்தில் விலை இறங்கும் வரை காத்திருக்கலாம், ஒரு பருவம் முடிந்து கப்பல் வேறு கடலுக்கு இடம் மாறுகிற பயணத்தில் ஏறலாம் என்று சிக்கன வழிகள் இருக்கத்தான் செய்கின்றன. எல்லாமே மியாமியிலோ சிங்கப்பூரிலோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்கிறவர்களுக்கு. ஹட்டனில் இருந்து போகிறவளுக்குக் கப்பலின் வாசலுக்குப் போய்ச் சேரவே இன்னொரு பட்ஜெட் வேண்டும்.

தேடிக்கொண்டே போனபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. 2010இல் நோர்வீஜியன் எபிக் என்ற கப்பலில் தனி ஆட்களுக்கென்றே 128 சின்ன அறைகள் கட்டினார்கள். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 100 சதுர அடி. தனியாகப் பயணிக்கிறவர்களை ஒரு கம்பெனி மதித்து விட்டது என்று உலகமே பாராட்டியது. நாங்கள் நாலு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம். லயத்துக் காம்பிரா பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 120 சதுர அடி. அதற்குள்ளே அப்பாயி, அம்மா, அப்பா, தம்பிகள், கல்யாணம் ஆகாத அத்தை, மழை நாளில் நாய். வெள்ளைக்காரன் ஒரு ஆளுக்குச் சின்ன அறை என்று வெட்கப்பட்டுக்கொண்டு கட்டின இடம், எங்களுக்கு ஒரு குடும்பத்துக்கான வீடு.

இதைச் சொல்வது பரிதாபத்துக்காக இல்லை. தனிமை என்பதை நாங்கள் எந்த இடத்தில் இருந்து பார்க்கிறோம் என்று சொல்லத்தான். 'தனியாப் பயணம் போய் உன்னையே கண்டுபிடி' என்று இன்ஸ்டாகிராமில் எழுதுகிறவர்களுக்குத் தனிமை ஒரு அனுபவம். எங்களுக்கு அது இடப் பிரச்சினை. எங்களில் ஒருத்தி ஏ எல் பரீட்சைக்கு இஸ்தோப்பில் மண்ணெண்ணெய்ப் பெட்டியை மேசையாக வைத்துப் படித்தாள். இன்னொருத்தி டயரி எழுதுவதற்குக் கொழுந்து மடுவத்துக்குப் பின்னால் போவாள். அழ வேண்டும் என்றால் பீலிக்கரைக்குத் தண்ணி எடுக்கப் போகிற சாக்கில் போய் அழுதுவிட்டு வர வேண்டும். ஐந்து நாள் யாருக்கும் பதில் சொல்லாமல் ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க ஒருத்தி ஆசைப்பட்டால், அதைத் திமிர் என்று சொல்கிறவர்கள் காம்பிராவில் வளர்ந்திருக்க மாட்டார்கள். அல்லது வளர்ந்ததை மறந்திருப்பார்கள்.

சொகுசுக் கப்பல் கனவை அப்படியே மூடிவிட்டோம். ஆனால் அதே 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் செரியபாணி என்ற படகு ஓடத் தொடங்கியது. முதல் நாள் மட்டும் சலுகை, பிறகு இந்திய ரூபாவில் 7,670 என்றார்கள். ஒரே வாரத்தில் மழைக் காலம் என்று நிறுத்திவிட்டார்கள். 2011இல் தூத்துக்குடி–கொழும்பு கப்பல் சில மாதம் ஓடி நின்ற கதைதான் இதுவும் என்று நினைத்தோம். 2024 ஓகஸ்ட் 16 சிவகங்கை என்ற கப்பல் வந்தது. 150 பேர் ஏறலாம். கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், நாலு மணித்தியாலம். விலையும் கொஞ்சம் இறங்கியது. விமானத்தில் இருப்பது மாதிரி வரிசை வரிசையாக சீட். நீச்சல் குளமும் இல்லை, நடு ராத்திரிச் சாப்பாடும் இல்லை. முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு டிக்கட். தனியாக வந்தால் தண்டம் இல்லை.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

போன கதைக்கு வருவதற்கு முன்னால் எங்கள் ஆட்களுடைய பழைய டிக்கட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கடலை எங்கள் ஆட்கள் கடக்காமல் இருந்ததில்லை. ஆனால் ஒருத்தரும் தனியாக, தன் பெயரில், தன் காசில் கடந்ததாக எங்கள் வீடுகளில் கதை இல்லை. கோப்பிக் காலத்தில் கங்காணியின் பின்னால் கும்பலாக வந்தார்கள். தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, அங்கிருந்து காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடை. 2023இல் இருநூறு வருஷ நினைவுக்காகத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்த நடைபயணத்தில் எங்களில் இரண்டு பேர் கொஞ்ச தூரம் நடந்தோம். தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் போட்டு நடந்தே கால் வீங்கிவிட்டது.

1900களின் தொடக்கத்தில் தகர டிக்கட் என்று ஒன்று வந்தது. இந்தியக் கரையில் ஏறுகிற ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு தகரத் துண்டு. அதில் ஆளின் பெயர் இருக்காது. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று குத்தின எழுத்தும் இலக்கமும்தான் இருக்கும். வழியில் எந்த அதிகாரி பார்த்தாலும் இது எந்தத் தோட்டத்துச் சரக்கு என்று தெரிந்துவிடும். பயணக் காசை முதலில் தோட்டம் கட்டும். பிறகு அது கடனாக ஆள் தலையில் ஏறும். அந்தக் கடன் கணக்கை எழுதின 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டத்துக்குப் போகவும் முடியாது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள். ஆக, எங்கள் முன்னோர் செய்தது கையில் காசில்லாத கப்பல் பயணம். அதன் விலையை அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்து கட்டினார்கள்.

திரும்பிப் போன பயணமும் அப்படித்தான். 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் இருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட அந்தக் கோச்சிக்கு எங்கள் ஊரில் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர். அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம். ஒரு வழி மட்டும்தான். அப்பாயியின் தங்கச்சி அப்படிப் போனவர்தான். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள் என்று ஒரு கடிதம் வந்ததாம். அதோடு சரி.

இதனால்தான் கப்பல் என்றாலே வீட்டில் பெரியவர்களுக்கு வயிறு கலங்குகிறது. அது எங்களுக்குப் புரிகிறது. புரியாதது அடுத்த விஷயம்.

"பொம்பளப் புள்ள தனியாக் கடல் தாண்டுறதா?" என்று மாமா சத்தம் போட்டார். அந்த மாமாவின் அக்காதான், அதாவது இவளுடைய அம்மா, 2007இல் தனியாகக் கடல் தாண்டிக் குவைத்துக்குப் போனார். அப்போது இவளுக்கு நாலு வயது. மொழி தெரியாத ஊர், முகம் தெரியாத வீடு. கட்டுநாயக்காவுக்கு மாமாவே வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு 'பொம்பள தனியா' என்ற பேச்சு வரவில்லை. ஐந்து வருஷம் மாசாமாசம் காசு வந்தது. அந்தக் காசில் மாமாவின் கல்யாணமும் நடந்தது. (இதை அவர் முன்னால் நாங்கள் சொல்லவில்லை. இங்கே சொல்கிறோம்.)

பதினெட்டு வயதில் கொழும்பில் கடைக்கோ வீட்டு வேலைக்கோ தனியாக அனுப்புகிறோம். கட்டுநாயக்கா காமெண்டுக்குத் தனியாக அனுப்புகிறோம். பத்துப் பேர் படுக்கிற போர்டிங்கில் இருக்கட்டும், பரவாயில்லை. அப்போதெல்லாம் பாதுகாப்பு, மானம், ஊர் என்ன சொல்லும் என்ற மூன்றும் சட்டைப் பைக்குள் போய்விடுகின்றன. அரசாங்கமும் அப்படித்தான், 2013இல் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகிற பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கியது. வேலைக்குப் போகிற ஆண்களிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. எங்களுக்குத் தெரிந்த வரை கணக்கு இதுதான்: ஒரு பெண் காசு கொண்டுவரப் போனால் தனியாகப் போகலாம். காசு செலவழிக்கப் போனால் கூடாது. இதற்குப் பண்பாடு என்று பெயர் வைப்பதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

எங்கள் வாசிப்பு வட்டத்திலேயே இதற்கு எதிர்ப்பு வந்தது. மாமா மாதிரி இல்லை, அவர்கள் நியாயமாகப் பேசுகிறவர்கள். "நாட்சம்பளம் 1,700 கேட்டுத் தெருவுக்கு இறங்கி 2024இல் 1,350தான் கிடைச்சது. லயத்துக் கூரை ஒழுகுது. இந்த நேரத்தில கப்பல் பயணம்னு எழுதினா எப்படி?" என்று ஒரு தோழர் கேட்டார். பாதி சரி. கணக்கை மறைக்கப் போவதில்லை. இரண்டு வழி டிக்கட்டின் விலை, அவளுடைய அம்மா ஒரு மாதம் முழுக்க மலைக்குப் போனால் அப்போது வந்த காசுக்குக் கிட்ட வந்தது. பாஸ்போட் சாதாரண சேவையில் எடுக்கவே 10,000 ரூபா ஆனது, அப்போதைய ஏழு நாள் சம்பளத்துக்கு மேல். விசா வேறு. அவள் ஒரு வருஷத்துக்கு மேலாக மஹாபொல காசில் மிச்சம் பிடித்தாள். லீவுக்குப் போகும்போதெல்லாம் ஓ எல் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுத்தாள். வீட்டுச் சீட்டுக் காசிலோ அம்மாவின் தீபாவளி அட்வான்ஸிலோ கை வைக்கவில்லை. எல்லோராலும் இது முடியும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. முடியாது.

ஆனால் மற்றப் பாதியை ஏற்க மாட்டோம். கூரை ஒழுகுகிறவர்கள் கூரையைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது என்பது தோட்ட நிர்வாகம் எங்களைப் பற்றி வைத்திருக்கிற எண்ணம். கொழுந்து, அரிசி, மா, கூரைத் தகரம், இதற்கு மேல் இவர்களுக்கு என்ன ஆசை இருக்கப் போகிறது என்பது. எங்கள் தோழர்களும் அதையே நினைப்பது எங்களுக்கு வருத்தம். கூரையையும் கேட்போம், கடலையும் பார்ப்போம். தோழர் போன வருஷம் ஐபிஎல் பார்க்கப் புது டிவி எடுத்தார், அதை நாங்கள் போராட்டத்துக்கு எதிரான செயலாகப் பார்க்கவில்லை.

சரி, பயணம்.

ஹட்டனில் இருந்து கண்டிக்கு பஸ், கண்டியில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ராத்திரி பஸ். ரயில்தான் வேண்டும் என்றால் பொல்கஹவெலயில் இறங்கி வடக்குக் கோச்சிக்கு மாறலாம், நேரம் ஒத்துவந்தால். ராத்திரி பஸ்ஸில் போனால் ஒரு நாள் லொட்ஜ் காசு மிச்சம் என்பது அவள் கணக்கு. மறுநாள் கப்பல். ஒரு சின்ன பேக், தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், வாந்திக் குளிசை. குளிசையைக் கப்பல் ஏறுவதற்கு முன்னாலேயே போட வேண்டும். அவள் நடுக்கடலில்தான் போட்டாள், அதனால் முதல் கடல் பயணத்தின் பெரும் பகுதி பிளாஸ்டிக் பையைப் பார்த்தபடியே போனது. ஏசி குளிர் நுவரெலியாக் குளிர் மாதிரி, சுவெட்டர் கொண்டுபோகச் சொன்னாள். கடைசி ஒரு மணித்தியாலம் கண்ணாடி வழியாகப் பார்த்தாளாம். என்ன தெரிஞ்சது என்று கேட்டோம். "தண்ணிதான்" என்றாள். "நாலாப் பக்கமும் மலையே இல்ல. அது ஒரு மாதிரி பயமா இருந்துச்சு. பெறகு நல்லா இருந்துச்சு."

வழியில் ஒரு கவுண்டரில் "கூட யாரு வந்திருக்கா?" என்று கேட்டார்கள். யாரும் இல்லை என்றதும் இன்னொருவரைக் கூப்பிட்டு அவரும் அதையே கேட்டார். அந்தக் கரையில் ஒரு லொட்ஜில் அறை காலி என்று பலகை தொங்கியது. தனியாக வந்த பொண்ணுக்கு ரூம் இல்லை என்றார்கள். பக்கத்து லொட்ஜிலும் அதே பதில். கடைசியில் டீக்கடை அம்மா ஒருவர் வழி சொன்னார்: வேளாங்கண்ணிக்குப் போ, மாதாவைக் கும்பிட வந்தேன்னு சொல்லு. பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். அங்கே போய்ச் சொன்னாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, உடனே இடம் கிடைத்தது, விலையும் குறைவு. மாரியம்மன் கோயில் தேருக்குக் காவடி எடுத்த வீட்டுப் பிள்ளை அவள். ஆனாலும் மெழுகுவர்த்தி வாங்கி ஏற்றிவிட்டுத்தான் வந்தாளாம், சொன்ன பொய்க்காக. சும்மா வந்தவளுக்கு இடம் இல்லை, நேர்த்திக்கு வந்தவளுக்கு இடம் உண்டு. அந்தக் கரையிலும் எங்கள் ஊர்தான்.

மற்ற நாட்களில் அவள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. நாகூர் தர்காவுக்குப் போனாள். கடற்கரையில் வறுத்த மீன் சாப்பிட்டாள். அவளுடைய தமிழைக் கேட்டு ஒருவர் "நீங்க சிலோனா? பேச்சு நம்ம ஊரு மாதிரி இருக்கே" என்றார். யாழ்ப்பாணத்தில் "நீங்கள் இந்தியாவோ?" என்று கேட்டதை நினைத்துச் சிரித்துக்கொண்டாளாம். கூடலூருக்குப் போய் அந்தச் சின்ன அப்பாயியைத் தேடவில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். போகவில்லை. அது இன்னொரு பயணம், அதற்கு வேறு காசும் வேறு மனசும் வேண்டும் என்றாள். எங்களுக்கு அவளிடம் பிடித்ததே அதுதான். அந்தத் தேடலையும் சேர்த்திருந்தால் எல்லோரும் கண் கலங்கி மன்னித்திருப்பார்கள். அவள் மன்னிப்பு வாங்கப் போகவில்லை.

வெயிலில் நின்று நிறையப் படம் எடுத்திருக்கிறாள். மீன் கூடை தூக்குகிற ஒரு அம்மாவைப் படம் எடுக்கப் போனைத் தூக்கியவள், சட்டென்று கீழே இறக்கிவிட்டதாகச் சொன்னாள். எங்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எல்ல போகிற ரயிலில் தொங்கிக்கொண்டு எங்கள் அம்மாக்களைக் கூடையோடு படம் எடுக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் மலைக்குப் பக்கத்தில் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் கடல் விமானம்கூட இறங்கியிருக்கிறது, பங்களாக்களில் தங்கும் உல்லாசப் பிரயாணிகளுக்காக. அவர்கள் யாரிடமும் யாரைப் பார்க்க வந்தாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் அந்த மீன்கார அம்மாவிடம் போய்ப் பேசி, கேட்டுத்தான் படம் எடுத்தாள். அம்மா தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றாராம்.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று: வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கப்பல் நிற்கும், ஆகவே வருஷக் கடைசியில் திட்டம் போட வேண்டாம். போகும் டிக்கட்டையும் திரும்பும் டிக்கட்டையும் சேர்த்தே எடுங்கள். காற்று ஏறினால் பயணம் தள்ளிப்போகும், அதனால் கையில் இரண்டு நாள் சாப்பாட்டுக் காசு மிச்சம் இருக்க வேண்டும்.

திரும்பி வந்த அன்றைக்கு அவளுடைய அம்மா ஒன்றும் கேட்கவில்லையாம். டிக்கட்டை மட்டும் வாங்கிப் பார்த்தார். அதில் மகளின் பெயர் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டியைத் திறந்து தன் பழைய பாஸ்போட்டை எடுத்துக்கொண்டு வந்தார். காலாவதியாகி எத்தனையோ வருஷம். உள்ளே குவைத் முத்திரையைத் தவிர ஒன்றும் இல்லை. புதுசா எடுக்க எவ்வளவு என்று கேட்டார். 10,000 என்றதும், அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். ஆனால் அடுத்த மாதச் சீட்டில் ஒரு பங்கு கூடப் போட்டிருக்கிறார் என்று அவள் நேற்று கோல் எடுத்துச் சொன்னாள். யாரைப் பார்க்கப் போறீங்கன்னு நாங்க கேட்கல.